நீங்கள் உருட்டிவைத்த கரைசல்

என் பிரியத்துக்குரிய ‘என்னங்க’வுக்கு,

உங்களை நான் கூப்பிட்டதெல்லாம் இந்த ஒரு சொல்லால்தான். கடிதத்திலும் அதுவே இருக்கட்டும். பிரியம் என்று எழுதியது பொய்யில்லை. ஆனால் உங்கள்மேல் எனக்கு இப்போது இருக்கிற கோபத்துக்கு, நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் சோற்றுத் தட்டை நங்கென்று வைத்திருப்பேன்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் இந்த வருடமும் எட்டாம் வகுப்புக் கணக்கு என் தலையில்தான் விழுந்தது. நம் தெருவில் சில வீடுகளுக்கு டெலிபோன் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மணி அடித்தால் நான் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறேன். எனக்கு யார் போன் செய்யப் போகிறார்கள்? ராஜபாளையம் பஸ் நிற்கும் இடத்தை மாற்றிவிட்டார்கள். நீங்கள் வந்தால் தேடுவீர்கள்.

அப்புறம், அண்ணன் ரிட்டயர் ஆகிறார். இத்தனை வருடம் அதே கல்லூரி, நீங்களும் வேலை பார்த்த அதே வேதியியல் துறை, கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் துறைத் தலைவர். விழா எடுக்கிறார்கள், விழா மலர் அச்சடிக்கிறார்கள். மலரில் ‘என் அண்ணன்’ என்று ஒரு பக்கம் நான் எழுத வேண்டுமாம். அதைப் பற்றிப் பேசத்தான் போன மாதம் ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன், இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக உங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படிக்கத்தான் போகிறார்கள். நான் எங்காவது தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள், எதையெதையோ பொறுத்துக்கொண்டவர்தானே.

பாலிமர் என்று நீங்கள் சொல்லும் அந்த வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்தால், பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். சாய்த்தால் தண்ணீர் மாதிரிதான் ஓடும். ஆனால் அதைப் பிடித்து இழுத்தால் கதையே வேறு. அந்தப் பொடியின் ஒவ்வொரு மூலக்கூறும் மிக நீளமான சங்கிலி. சும்மா இருக்கும்போது நூல் சிக்கு மாதிரிச் சுருண்டு கிடக்கும். இழுத்தால் பிரிந்து நீண்டு, இழுக்கிற கையோடு மல்லுக்கு நிற்கும். அந்த மல்லுக்கட்டு எவ்வளவு என்று அளப்பதுதான் உங்கள் ஆராய்ச்சி.

அதற்கான கருவியை நீங்களே செய்தீர்கள். ஊசி மாதிரி மெல்லிய எஃகுக் குழாயின் முனையிலிருந்து கரைசல் இறங்கும். கீழே சுழலும் உருளை அதைப் பிடித்துச் சுற்றிக்கொள்ளும். உருளையின் வேகத்தைக் கூட்டினால் இழை மெலியும், இழுவை ஏறும், குழாயின் முனை மயிரளவு வளையும். எவ்வளவு வளைகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து நீங்கள் சொல்ல, லீவு நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவள் நான். வெறும் தண்ணீர் காட்டுவதைப்போல நூறு மடங்கு எதிர்ப்பு, சில கரைசலில் அதற்கும் மேலே. நான் கணக்கு டீச்சர். கூட்டல் தப்போ என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவளும் நான்தான். தப்பில்லை.

ஸ்டாஃப் ரூமில் உங்களுக்கு ‘ஜவ்வு சார்’ என்று பெயர் வைத்தார்கள். அப்போது அது செல்லமாகத்தான் இருந்தது. நீங்களே சிரித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னீர்கள்.

அந்தப் பொடி லேசில் கரையாது. அவசரப்பட்டுக் கலக்கவும் கூடாது. குடுவையைப் படுக்கப் போட்டு, மில்லில் கழித்துக்கட்டிய மோட்டார் ஒன்றை வைத்து, ஒரு வாரம் பத்து நாள் மெல்ல மெல்ல உருட்டுவீர்கள். நான் ஒரு தடவை, நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த குடுவையை மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோலக் குலுக்கிவிட்டேன். நீங்கள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தாள். பிறகு உங்களுக்கே வெட்கமாகி, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள்.

“வேகமா அடிச்சா சங்கிலி அறுந்துரும், கோதை. அறுந்தது கண்ணுக்குத் தெரியாது. பாத்தா அதே தண்ணிதான். ஓட்டமும் கிட்டத்தட்ட அதேதான். இழுத்துப் பாத்தாத்தான் தெரியும், உள்ள ஒண்ணும் மிச்சமில்லன்னு.”

அன்றிலிருந்து அந்தக் குடுவைகளைத் தொட்டால், தூங்குகிற பிள்ளையைத் தொடுவதுபோலத்தான் நான் தொடுவேன்.

உங்கள் எண்களைச் சென்னையில் ஒரு பெரிய பேராசிரியர் நம்பவில்லை. அதில் தப்புச் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். நேரில் வருகிறேன், அந்த எண் என் கண்ணெதிரே ஒரு தடவை வரட்டும் என்று சொல்லியனுப்பினார். வந்தால் உங்களுக்கு டாக்டர் பட்டம். பட்டம் வந்தால் வருடத்துக்கு வருடம் நீட்டித்துக்கொண்டிருந்த தற்காலிக வேலை நிரந்தரமாகும். வராவிட்டால் என்ன என்று நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் என்று ஏற்பாடாயிற்று. அவர் குடும்பத்தோடு வந்தார். மதுரையில் இறங்கி மீனாட்சி அம்மன் கோவில், பிறகு நம் ஊர் ஆண்டாள் கோவில் எல்லாம் பார்க்க வேண்டுமாம். “மாப்ள, நீங்க கூட இருந்து காட்டுங்க. லேபை நான் பாத்துக்கிடுதேன்” என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாளும் உங்களைக் கோவில் வழிகாட்டியாக அனுப்பியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவர்களை ஆண்டாள் சன்னிதியில் விட்டுவிட்டு, செத்த நேரம் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனீர்கள். பொடி வந்து சேரவே தாமதம், கரைசல் சரியாக மறுநாள் காலைதான் பதத்துக்கு வரும் என்றீர்கள். “உருட்டு நிக்காம இருந்தாப் போதும். மச்சான்கிட்ட சொல்லிருக்கேன்” என்றீர்கள். முகத்தில் அவ்வளவு தெளிவு.

மறுநாள் சாயங்காலம் நீங்கள் திரும்பி வந்த முகம் வேறு.

“வந்துச்சா?” என்றேன்.

“வரல.”

“ஏன்?”

“வரல கோதை. விடு.”

நடந்ததை அடுத்த நாள் அண்ணன் வந்துதான் சொன்னார். உருளை தொட்ட உடனே இழை அறுந்து, சொட்டுச் சொட்டாக விழுந்ததாம். வேகத்தைக் குறைத்துப் பார்த்தீர்களாம், ஊசியை மாற்றிப் பார்த்தீர்களாம். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். அண்ணன் அதைச் சொல்லும்போது கண் கலங்கினார். அவருக்கு உங்கள்மேல் பிரியம்தான். அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

பேராசிரியர் சென்னைக்குத் திரும்பிப் போய், ஒரு தடவை கிடைத்து மறு தடவை கிடைக்காத எண்ணை அளவு என்று ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் அதைச் சொன்னார், மற்றவர்கள் அதற்குமேல் சொன்னார்கள். எண்களை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். ‘ஜவ்வு சார் ஜவ்வா இழுத்த கணக்கு’ என்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்களாம். மார்க்கெட்டில் உங்கள் பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டான். ஜூன் மாதம் உங்கள் வேலையை நீட்டிக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன்தான் செட்டியார்பட்டிப் பக்கம், தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஒரு பட்டறையில் உங்களைச் சேர்த்துவிட்டார். தெரிந்தவரிடம் போய் நின்று, என் மாப்பிள்ளை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வாங்கிய வேலை. மைக்ராஸ்கோப்பில் மயிரிழையைப் பார்த்த கண், கஞ்சி அண்டாவின் ஆவியில் வெந்தது. அந்த வேலையை நான் குறைவாகப் பேசவில்லை. அதைச் செய்ய வேறு ஆள் இருந்தார்கள். நீங்கள் செய்ததைச் செய்ய அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் இருந்தாரா?

தீபாவளி தோறும் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டு மேசையில் இலை போட்டு உட்கார்ந்ததும் அண்ணன் உங்கள் தோளில் கைவைத்துச் சொல்வார், “பழசை மறந்துருங்க மாப்ள. தப்பு யாருக்கும் வாரதுதான். நான் மனசுல வச்சுக்கல.” நீங்கள் தலையை ஆட்டிவிட்டு அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வீர்கள். எனக்கு முகம் சிவந்துவிடும். என்ன தப்பு, எதை மறக்க வேண்டும் என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். நீங்கள் மேசைக்கு அடியில் என் கையை அழுத்துவீர்கள். நான் அதை வெட்கம் என்று நினைத்தேன். நீங்கள் பாவப்பட்டவராக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பட்டறையிலேயே நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. அண்ணன்தான் எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தார். சொந்தத் தம்பி போனதுபோல அழுதார்.

இனி போன மாதம்.

மதினி புது மிக்ஸி வாங்கியிருக்கிறாள். காப்பி குடித்துக்கொண்டே அதைக் காட்டினாள். பழசு ஒரே கிரைண்டர் சத்தம், கழித்துவிட்டேன் என்றாள். பிறகு, ஒரு வேடிக்கையைச் சொல்வதுபோல, “அந்தப் பழசுல என்னத்தத்தான் அரைக்கல! ஒங்க அண்ணன் லேபு மருந்தக்கூட அரைச்சாவ” என்றாள்.

“என்ன மருந்து மதினி?”

“அதான், ஒங்க வீட்டுக்காரரு, நம்ம தம்பி மருந்து. அந்தச் சென்னைக்காரரு வந்தப்ப. ஜாரக் கழுவ நான் பட்ட பாடு எனக்கில்ல தெரியும். எம்புட்டு சீயக்காய் போட்டாலும் வழவழப்பு போவேனாங்குது.”

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அவர்தான் மீதியைச் சொன்னார். ஆயுத பூஜை அன்று லேப் முழுக்கக் கழுவிவிட்டிருக்கிறார்கள். இருந்த குடுவை, பாட்டில் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். நீங்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஓரமாக எடுத்துவைத்திருந்த பழைய கரைசல்களும் அந்தத் தொட்டியில்தான் போயிருக்கின்றன. உருட்டும் மோட்டாரையும் நிறுத்திக் குங்குமம் வைத்தாயிற்று.

“மில்லு மில்லா எல்லா மிஷினும் நிக்கிற நாளு. நம்ம லேப்புல மட்டும் ஒண்ணு ஓடலாமா? சாமி காரியம் பாரு” என்றார் அண்ணன். “விஜயதசமி சாயந்திரம் பூஜை முடிச்சுத் திரும்ப ஓட விடலாம்னு பாத்தா, குடுவைக்குள்ள கட்டி கட்டியா நிக்கி. காலைல ஆளு வந்துருவாரு. மாப்ள மானம் போயிரக் கூடாதேன்னு வீட்டுக்குக் கொண்டாந்து மிக்ஸில விட்டு ஒரு அடி. பளிங்கு மாதிரி கரைஞ்சிட்டு! அவரு பத்து நாளா உருட்டுன வேலை.”

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். மதினி அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள்.

“மறுநாள் அவிய எல்லாம் சாப்பிட இங்கதான வந்தாவ. தம்பி மட்டும் அடுப்படிக்குள்ள வந்து கை கழுவுனாரு. கவுத்தி வச்ச ஜாரப் பாத்துட்டு, உள்ள வெரல விட்டு இப்படி இழுத்துப் பாத்தாரு. ‘இதுல என்ன அரைச்சீங்க அக்கா’ன்னாரு. ‘ஒங்க மருந்தத்தான் ஒங்க மச்சான் அடிச்சாவ’ன்னேன். ஜாரத் திரும்பக் கவுத்தி வச்சாரு. பொறவு, ‘இத யார்ட்டயும் சொல்ல வேண்டாம்க்கா, கோதைகிட்டயும்’னாரு. மருந்து பட்ட ஜாருன்னு அருவருப்பா இருக்கும், அதான் சொல்லுதாருன்னு நெனச்சேன். சாப்பிடாமயே போயிட்டாரு பாரு.”

அருவருப்பாம்.

உங்களுக்கு அன்றைக்கே தெரியும். அந்தப் பகலிலேயே தெரியும். பேராசிரியர் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை. இந்தக் கரைசல் அடிபட்டுவிட்டது, பத்து நாள் கொடுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை?

அண்ணனிடம் நான் மெதுவாகத்தான் சொன்னேன், “மிக்ஸில அடிச்சா அது அறுந்துருமே அண்ணே.”

“எது, மூலக்கூறா?” அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கரைஞ்சா கரைஞ்சதுதான் தாயி. நான் காலமெல்லாம் கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுத்தவன். ஓட்டம் அளக்குற விஸ்காமீட்டர்ல விட்டுப் பாத்துட்டுத்தான வச்சேன். ஓட்டமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”

ஓட்டம் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் எனக்குச் சொன்னதே அதுதானே. கல்யாணமாகி வந்த கணக்கு டீச்சருக்குத் தெரிந்தது, துறைத் தலைவருக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? நீங்கள் அவருக்குச் சொன்னதே இல்லை. அவர் உங்களைவிடப் பெரியவர், மச்சான், வேலை வாங்கிக் கொடுத்தவர். அவருக்குப் பாடம் நடத்துவதுபோல ஆகிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். ‘உருட்டு நிற்க வேண்டாம்’ என்றீர்களே, ‘வேகமாகக் கலக்கக் கூடாது’ என்று ஏன் சேர்த்துச் சொல்லவில்லை? மரியாதை! அந்த மரியாதையில் வெந்ததுதான் நம் பிழைப்பு.

அவர் அறியாமல் செய்தார். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தார். அது எனக்குப் புரிகிறது, புரிவதால் கோபம் குறையவில்லை. தான் கெடுத்த ஒருவரைத் தீபாவளிக்குத் தீபாவளி மன்னித்துக்கொண்டிருந்தாரே, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். உங்கள் பொடியில் மிச்சம் இருந்த சின்ன பாட்டில், மெழுகு போட்டு மூடியபடியே இருந்தது. இரண்டு பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கைத் தண்ணீரில் போட்டு, குடுவையைத் துணிமேல் படுக்கவைத்து, சமைக்கும்போதும் பரீட்சைத் தாள் திருத்தும்போதும் காலால் மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை. முழங்கால் வலி பின்னிவிட்டது. ஒரு வாரத்துக்குமேல் ஆனது. இன்னொரு பங்கை நம் மிக்ஸியில் விட்டு ஓட்டினேன். அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் கருவி இல்லை. ஆனால் நீங்கள் எனக்கு விளையாட்டாகக் காட்டிய ஒன்று நினைவிருந்தது. உருட்டிய கரைசலில் ஊசி போடும் சிரிஞ்சை விட்டு உறிஞ்சிக்கொண்டே மேலே தூக்கினேன். முனை நீர்மட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகும், இடையில் ஒரு இழை நின்றது; அதன் வழியாகக் கரைசல் ஏறிக்கொண்டே இருந்தது. மிக்ஸியில் அடித்ததில் செய்தேன். தூக்கியதும் விட்டுவிட்டது. வெறும் காற்றுதான் உள்ளே போனது.

மலருக்கு நான் எழுத வேண்டிய பக்கத்தை வாங்கிப்போக அண்ணன் வந்தார். இரண்டு டம்ளரையும் முன்னால் வைத்தேன். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சிரிஞ்சை அவர் கையில் கொடுத்து அவரையே தூக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் ஏறியது. ஒன்றில் ஏறவில்லை. டம்ளரை இடம் மாற்றி வைத்துவிட்டு மறுபடி செய்தார். மறுபடி அதேதான். சிரிஞ்சைக் கீழே வைத்தார்.

“இது மாப்ளைக்குத் தெரியுமா?” என்றார்.

“அன்னிக்கே தெரியும்.”

“ஏம்மா என்ட்ட ஒரு வார்த்த சொல்லல?”

அவர் அப்படிக் கேட்டபோது எனக்கு அவர்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தோடு அவர் எழுந்து போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பேன். அல்லது, ‘நான் எல்லார்ட்டயும் சொல்லுதேன்’ என்று ஒரு வார்த்தை அவராகச் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“சரி தாயி. போனவரு போயாச்சு. இப்ப இதப் பேசி யாருக்கு என்ன ஆகப் போவுது? விழா வேற வருது. மலர்ல இதையெல்லாம் எழுதிராத. என் மானம் போயிரும்.”

“அவரு மானம் போனப்ப நீங்க பக்கத்துலதான அண்ணே இருந்தீக?”

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பஸ் ஏறினாரா, நின்றாரா, நான் வாசலுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

இனி உங்களிடம் வருகிறேன். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை நாளும் கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குத் தெரியும்போலத்தான் இருக்கிறது. அப்பா போன பிறகு என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அண்ணன். நமக்குப் பிள்ளையும் இல்லை. இவளுக்கென்று இருப்பது அந்த ஒரு வீடு, அதையும் நான் அடைத்துவிடக் கூடாது என்று நினைத்தீர்கள். அண்ணனும் தங்கையும் முகம் பார்க்காமல் போய்விடக் கூடாது என்பதற்காகப் பொய்க்கணக்கு எழுதியவர் என்ற பெயரைச் சுமந்தீர்கள். மறுபடி ஒரு கரைசல் உருட்டி நீங்கள் தனியாகப் பார்த்திருப்பீர்கள், வந்தும் இருக்கும். யாரைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள்? அன்றைக்கு ஏன் வரவில்லை என்றுதானே முதல் கேள்வி வரும்.

என்னிடம் கேட்டீர்களா? எனக்கு அண்ணன் வீட்டுத் தீபாவளி வேண்டுமா, உங்கள் பெயர் வேண்டுமா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் நல்ல மனசு எனக்கு வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒரு தடவை நீங்கள் கூடத்துக்கு வந்து சத்தம் போட்டிருக்கலாம். குடுவையைக் குலுக்கியதற்கு என்னிடம் போட்டீர்களே, அந்தச் சத்தத்தில் பாதி.

அண்ணன் பேச மாட்டார். அதனால் நான் பேசுகிறேன். மலரில் எனக்கு ஒதுக்கிய பக்கத்துக்கு இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, தெரியும். போடவில்லை என்றால், வாழ்த்துரைக்கு என் பெயரைக் கூப்பிடும்போது மேடை ஏறி இதையே வாசிப்பேன். மாலையோடு அண்ணன் எதிரே உட்கார்ந்திருப்பார். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் மிச்சமிருப்பவர்களும் இருப்பார்கள். என் குரல் நடுங்கும். நடுங்கினாலும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். நீங்கள் எழுதிய எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்று அவர்கள் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அதற்குப் பிறகு ராஜபாளையத்தில் எனக்கு ஒரு வீடு இருக்காது. அண்ணன் என்னை மன்னிப்பாரா என்று தெரியவில்லை. மன்னிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு என் தோளில் கைவைக்க வந்தால், நான் உங்களை மாதிரித் தலையை ஆட்ட மாட்டேன். நீங்கள் என்னை எந்த வரிசையில் வைத்துப் பார்த்தீர்களோ, அதை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுகிறேன்.

முதலில் உங்களுக்கு மனைவி,
அதற்குப் பிறகுதான் அவருக்குத் தங்கை,
கோதை
ஸ்ரீவில்லிபுத்தூர்